அரியாங்குப்பம் டு பாரிஸ்: அன்று 8 வருஷம், இன்று 24 மணி நேரம்... 8,100 கி.மீ. சுருங்கிய கதை!

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறுங்கள். முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். டிராஃபிக் இல்லாவிட்டால் கால் மணி நேரம்தான். பாலத்தின் மேல் பஸ் போகும்போது இடது பக்கம் பார்த்தால், கடலை நோக்கி அமைதியாகப் போகிற ஆறு தெரியும். கரையில் தென்னை, ஓரத்தில் கட்டிப் போட்ட படகுகள். பார்ப்பதற்கு நம்மூர்க் கடலோரக் கிராமம் எதைப்போலவும்தான் இருக்கும்.

ஆனால், இந்தப் பக்கத்து மக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பெரியப்பா பையன் பாரிஸ்ல இருக்கான்", "எங்க சித்தப்பா சொல்தா, பிரான்ஸ் பென்ஷன் வருது" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு மெட்ராஸ், பெங்களூரு எப்படியோ, புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பாரிஸ் அப்படி.

சரி, அரியாங்குப்பத்திலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரமாகும்?

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான். நேர்க்கோட்டில் சுமார் 8,100 கிலோமீட்டர். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னும் அதேதான், இன்றும் அதேதான். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அது மாறிய கதையில் ஒரு போர் இருக்கிறது. பாவப்பட்ட விஞ்ஞானி ஒருவர் இருக்கிறார். இன்றும் பல வீடுகளில் நடக்கிற ஒரு காத்திருப்பும் இருக்கிறது.

நூல் பிடித்துப் பார்த்தால்...

வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைப் புதுச்சேரியில் வையுங்கள், இன்னொரு முனையை பாரிஸில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

சுவரில் தொங்கும் மேப்பைப் பார்த்தால் அரபிக்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் என்று மேற்கே போனால் பாரிஸ் வந்துவிடும்போலத் தோன்றும். ஆனால் குளோப்பில் நூல் வடமேற்காக ஏறும். மகாராஷ்டிரத்தைத் தாண்டி, பாகிஸ்தானைக் கடந்து ஈரானுக்குள் நுழையும். சரியாகப் பாதித் தூரம் வருவது வட ஈரானில், காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில். உருண்டையான பூமியில் மிகக் குறைந்த தூரம் இப்படித்தான் வளைந்த பாதையாக இருக்கும். விமானங்கள் முடிந்தவரை இந்தப் பாதையை ஒட்டியே பறக்கப் பார்க்கின்றன.

ஆனால், கப்பலுக்கு இந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் இருக்கிற பக்கம்தான் அது போக முடியும். அங்கிருந்துதான் அரியாங்குப்பத்தின் கதை தொடங்குகிறது.

காற்றைப் பிடித்து வந்தவர்கள்

அரியாங்குப்பத்தை ஒட்டிய காக்காயந்தோப்பில், ஆறு வளைகிற இடத்தில் இருக்கிறது அரிக்கமேடு. மாமரங்களுக்கும் தென்னைகளுக்கும் நடுவே ஒரு மேடு, உயரமாக நிற்கும் செங்கல் சுவர்களின் இடிபாடு. அந்தச் சுவர்கள் 18-ம் நூற்றாண்டுப் பாதிரியார்களின் கட்டடம். உண்மையான பழசு அதற்கும் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது.

1937-ல் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு, இங்கே கிடைத்த சின்னக் கல் ஒன்று வந்தது. அதில் ஒரு ஆணின் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் சொன்னார். அதன் பிறகு தோண்டத் தொடங்கினார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்டிமர் வீலர் 1945-ல் இங்கே அகழாய்வு செய்தார். அடுத்து பிரெஞ்சுக்காரரான கசால், பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் என்று ஆய்வுகள் தொடர்ந்தன.

கிடைத்தவை என்னென்ன? மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் சிவப்பாக மினுமினுக்கும் மண்பாண்டத் துண்டுகள். இங்கேயே செய்த வண்ண வண்ணக் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று சோழ நாட்டுக் கரையில் 'பொதுகே' என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அது இந்த அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அரியாங்குப்பத்திலிருந்து ரோம் நேர்க்கோட்டில் சுமார் 7,250 கி.மீ. அந்தக் காலத்தில் எத்தனை நாள்? ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கே எழுதி வைத்திருக்கிறார். எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து நைல் நதியில் படகு, 12 நாள். அங்கிருந்து பாலைவனத்தில் ஒட்டகம், 12 நாள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில்தான் நடை. பிறகு செங்கடலில் சுமார் 30 நாள். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றைப் பாயில் பிடித்தால், திறந்த கடலில் 40 நாளில் கேரளக் கரையின் முசிறி. கூட்டிப் பார்த்தால் 94 நாள். இத்தாலியிலிருந்து அலெக்சாண்டிரியா வந்த நாள் தனி. முசிறியிலிருந்து இந்தப் பக்கம் வர, குமரியைச் சுற்றிக் கடல்வழியும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தரைவழியும் இருந்தன. அந்த நாட்கள் அதற்கு மேல்.

வந்தவர் உடனே திரும்பவும் முடியாது. வந்த காற்று எதிர்த்திசையில் வீச வேண்டும். வியாபாரத்தை முடித்துக்கொண்டு டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று வீசும்போதுதான் கப்பல் கிளம்பும். ஒரு தடவை போய் வர கிட்டத்தட்ட ஒரு வருஷம்! அந்தக் காலத்தில் டைம்டேபிள் எழுதியது காற்று.

சமாதானம் ஆன பிறகும் நடந்த சண்டை

பல நூற்றாண்டுகள் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வழி இன்னும் நீளம். பிரான்சிலிருந்து தெற்கே இறங்கி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏறி வர வேண்டும். 8,100 கி.மீ. தூரத்தில் இருக்கிற ஊருக்கு ஏறக்குறைய 20,000 கி.மீ. பயணம். நல்ல காற்று அடித்தால் ஐந்து, ஆறு மாதம். புதுச்சேரியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆட்களையும் சரக்கையும் 'சலங்கு' என்ற படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில் ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்தது, என்ன செய்தி கொண்டுவந்தது என்பதற்குப் பெரிய இடம் உண்டு. ஊரின் பிழைப்பே அந்தச் செய்தியில்தான் இருந்தது.

செய்தி தாமதமானால் என்ன ஆகும்? அதை அரியாங்குப்பம் தன் மண்ணிலேயே பார்த்திருக்கிறது.

அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். அது இங்கேயும் வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பழிவாங்க 1748-ல் ஆங்கிலேய அட்மிரல் போஸ்கவன் பெரும் படையோடு புதுச்சேரிக்கு வந்தார். தெற்கிலிருந்து வருகிறவர்களை மறிக்க அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். முதல் மோதல் இங்கேதான். ஆங்கிலேயரின் முதல் தாக்குதல் தோற்றது. அவர்கள் தரப்பின் மேஜர் லாரன்ஸ் பிடிபட்டார். பிறகு பிரெஞ்சுப் பக்கத்தில் வெடிமருந்து தீப்பிடித்து வெடித்துப் பலர் செத்தார்கள். பிரெஞ்சுப் படை கோட்டையை விட்டுவிட்டு நகரத்துக்குப் பின்வாங்கியது. முற்றுகை அக்டோபர் வரை நீடித்தது. மழை தொடங்கியது, நோய் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களை இழந்து, புதுச்சேரியைப் பிடிக்க முடியாமல் போஸ்கவன் திரும்பினார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இந்தச் சண்டை நடந்தது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆனால், இரண்டு நாடுகளும் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதே 1748 ஏப்ரல் 30-ல்! இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஆகென் நகரில் மை காய்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி கப்பலில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டுமே? அது வருவதற்குள் அரியாங்குப்பத்தில் பீரங்கி முழங்கிவிட்டது. முழு உடன்படிக்கை அக்டோபரில் கையெழுத்தானது. அதன்படி 1749-ல் சென்னை திரும்பவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. செத்தவர்கள் திரும்பவில்லை.

இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

சூரியனின் தூரத்தை அளக்க வந்தவர்

அடுத்தது கியோம் லெ ஜாந்தியின் கதை. பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளிபோல நகர்ந்து போவது அபூர்வ நிகழ்ச்சி. பூமியின் பல இடங்களிலிருந்து அதைப் பார்த்து நேரத்தைக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். 1761 ஜூன் 6-ல் அது நிகழ இருந்தது. அதைப் பார்க்க லெ ஜாந்திக்கு ஒதுக்கப்பட்ட ஊர் புதுச்சேரி.

ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னதாகவே, 1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ். அங்கிருந்து வேறு கப்பல் கிடைத்துக் கேரளக் கரைப் பக்கம் வந்தபோதுதான் தெரிந்தது, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்து பல மாதம் ஆகிவிட்டது! கப்பல் திரும்பியது. வெள்ளி சூரியனைக் கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆடுகிற கப்பலில் எப்படித் துல்லியமாக அளப்பது?

வெள்ளி மறுபடி 1769-ல் வரும். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வராது. லெ ஜாந்தி ஊர் திரும்பவில்லை. எட்டு வருஷம் காத்திருக்க முடிவு செய்தார். மடகாஸ்கர், மணிலா என்று சுற்றினார். மணிலாவிலேயே இருந்து பார்க்க நினைத்தவரைக் கழகம் புதுச்சேரிக்குப் போகச் சொன்னது. 1768 மார்ச்சில் புதுச்சேரியில் கால் வைத்தார். பிரான்சில் கப்பல் ஏறி எட்டு வருஷம்!

அதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்கே திரும்பி வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஓர் ஆய்வகம் கட்டிக் கொடுத்தார்கள். காத்திருந்த காலத்தில் தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். சுற்றுவட்டாரத்தையும் பார்த்தார். அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினத்தில் மக்கள் மண்ணைத் தோண்டிப் பழைய பெரிய செங்கற்களை எடுப்பதைக் குறித்து வைத்தார். அரிக்கமேட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆரம்பகால எழுத்துக் குறிப்புகளில் அவருடையதும் ஒன்று.

1769 ஜூன் தொடக்கத்தில் வானம் தெளிவாகவே இருந்தது. ஜூன் 4 விடியற்காலை மேகம் சூழ்ந்தது. வெள்ளி கடந்து முடிகிறவரை சூரியன் தெரியவில்லை. முடிந்த பிறகு பளிச்சென்று வெயில் அடித்தது. அன்றைக்கு மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததாம்.

உடைந்துபோன மனிதர் ஊருக்குக் கிளம்பினார். வழியில் நோய், புயல். ஒருவழியாக 1771 அக்டோபரில் பிரான்ஸ் மண்ணை மிதித்தார். பதினொன்றரை வருஷம் கழித்து வந்தவருக்கு வீட்டில் காத்திருந்த செய்தி: அவர் செத்துவிட்டதாக எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். சொத்தைப் பங்கு போட வாரிசுகள் தயாராக இருந்தார்கள். கழகத்தில் அவர் நாற்காலி வேறொருவருக்குப் போயிருந்தது. உயிரோடு இருப்பதைக் காட்டி, வழக்குப் போட்டுத்தான் தன் வாழ்க்கையைத் திரும்ப ஆரம்பித்தார்.

சூரியனின் தூரத்தை அளக்க வந்தவரை, பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்த தூரம் தோற்கடித்துவிட்டது.

பாதியாகச் சுருங்கிய கடல்

1869 நவம்பர் 17. எகிப்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய அவசியம் போனது. பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்குக் கடல்வழி சுமார் 10,000 கி.மீ. ஆனது. பாய்மரத்தின் இடத்துக்கு நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதக் கணக்கு வாரக் கணக்கானது.

ஓர் உதாரணம். பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தில் 'அன்னை' என்று அழைக்கப்பட்ட மீரா, 1914 மார்ச் 7-ல் பிரான்சில் கப்பல் ஏறினார். கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயில் பிடித்து, மார்ச் 29-ல் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். 22 நாள்! லெ ஜாந்தி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அதே வருஷம் முதல் உலகப்போர் தொடங்கியது. இந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் பிரான்சுக்காகப் போருக்குப் போனார்கள். திரும்பாதவர்களின் நினைவாகத்தான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. கப்பல் வேகமாகப் போக ஆரம்பித்ததும், ஊர்ப்பிள்ளைகளும் தூரமாகப் போக ஆரம்பித்தார்கள்.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அப்போது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்வு செய்துகொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். தேர்வு செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற புதுச்சேரிக்காரர்களில் பலர்.

இன்றைக்குக் கிளம்பினால் எத்தனை மணி நேரம்?

சென்னை ஏர்போர்ட்டிலிருந்து பாரிஸின் ஷார்ல் து கோல் ஏர்போர்ட் நேர்க்கோட்டில் சுமார் 8,020 கி.மீ. பெரிய பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். இடையில் நிற்காமல் போனால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் 'விமான நேரம்' வேறு, 'வீட்டிலிருந்து வீட்டுக்கு' ஆகும் நேரம் வேறு. பலரும் போகிற துபாய், தோஹா, அபுதாபி வழியைக் கணக்குப் போடுவோம்.

அரியாங்குப்பத்திலிருந்து ஈசிஆர் வழியாகச் சென்னை ஏர்போர்ட்: கிட்டத்தட்ட 150 கி.மீ., மூன்று மணி நேரத்துக்கு மேல்.
ஏர்போர்ட்டில் செக்-இன், இமிக்ரேஷன்: மூன்று மணி நேரம்.
சென்னை முதல் வளைகுடா நகரம்: நான்கு, நாலரை மணி நேரம்.
அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு: மூன்று மணி நேரம் என்று வையுங்கள்.
அங்கிருந்து பாரிஸ்: சுமார் ஏழு மணி நேரம்.
இறங்கி, பெட்டி எடுத்து, ரயிலில் நகருக்குள் போக: இரண்டு மணி நேரம்.

கூட்டினால் 23 மணி நேரம். ரோமானியருக்கு ஒரு பருவக்காற்று, நமக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும்.

போகும்போது ஆகும் நேரம் வரும்போது ஆகாது என்பதையும் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஆறுபோல ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 150 கி.மீ.க்கு மேல்கூட வீசும். பாரிஸ் போகும்போது இது எதிர்க்காற்று, ஊருக்கு வரும்போது முதுகில் தள்ளும் காற்று. அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரமாக முடியும். காற்று இன்னும் டைம்டேபிளை விட்டுப் போகவில்லை!

கடிகாரமும் ஒரு விளையாட்டு காட்டும். பாரிஸ் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், கோடைகாலத்தில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கும். அதனால் போகும்போது நாள் நீள்கிறது, வரும்போது சுருங்குகிறது.

குளோப்பில் பிடித்த நூலும் எப்போதும் கிடைப்பதில்லை. ஒரு நாட்டில் போர் என்றால் அதன் வான்வழி மூடப்படும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. மேற்கு ஆசியாவில் பதற்றம் வரும்போதெல்லாம் விமானங்கள் சுற்றிப் போகின்றன. 1748-ல் தூரம் ஒரு போரை நீட்டியது. இன்று போர்கள் தூரத்தை நீட்டுகின்றன.

'புதுச்சேரியிலேயே லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் இருக்கிறதே?' என்று கேட்கலாம். இருக்கிறது. 2013-ல் புது முனையமும் வந்தது. ஆனால் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களுக்கு அது போதும். கடல் தாண்டிப் போகிற பெரிய விமானத்துக்குப் போதாது. ஓடுபாதையை நீட்டத் தமிழகப் பக்கத்து நிலமும் வேண்டும். அதனால் இன்றும் பாரிஸ் பயணம், அரியாங்குப்பத்தில் வாடகைக் கார் ஏறுவதில்தான் தொடங்குகிறது.

போன் ஒரு நொடி, ஆள் ஒரு நாள்

இந்த 23, 24 மணி நேரம் பெரிய சாதனைதான். ஆனால் சில நாட்களில் அது மிக நீளமாகத் தெரியும். அரியாங்குப்பம், வீராம்பட்டினம், முத்தியால்பேட்டை என்று புதுச்சேரியின் எந்தப் பகுதியில் கேட்டாலும் அந்த நாளைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

ஒரு குளிர்கால ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார் என்று வையுங்கள். மகன் பாரிஸில். போன் ஒரு நொடியில் போய்விடும். அங்கே அப்போது மாலை மூன்றரை. ஆபீஸில் இருப்பார். ஓடி, டிக்கெட் போட்டு, ராத்திரி பத்து மணி விமானத்தைப் பிடித்தால், வளைகுடாவில் மாறி, மறுநாள் மாலை நாலரை மணிபோலச் சென்னையில் இறங்கலாம். இமிக்ரேஷன் முடிந்து, கார் பிடித்து, அரியாங்குப்பம் வர ராத்திரி எட்டரை. சரியாக ஒரு நாள். எல்லாம் சரியாக நடந்தால்!

வீட்டில் அதற்குள் ஃப்ரீசர் பெட்டி வந்துவிடும். வாசலில் ஷாமியானா. வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ எடுக்கிறாங்க?" பதில், "பெரியவன் வந்துக்கிட்டிருக்கான்." அந்த ஒரு வாக்கியத்துக்காக ஊரே ஒரு ராத்திரி கண் விழிக்கும். துபாயில் இறங்கிட்டானா, ஃப்ளைட் லேட்டா என்று தெருவில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

அந்த நாளில் அலைச்சலைக் குறைக்க, அனுபவப்பட்ட குடும்பங்கள் சில விஷயங்களை முன்கூட்டியே செய்து வைக்கின்றன. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தியா வர விசா வேண்டும், அல்லது ஓ.சி.ஐ. கார்டு வேண்டும். கார்டு கையில் இருந்தால் அன்றே கிளம்பலாம். இல்லையென்றால் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாள் கூடும். பாஸ்போர்ட்டின் காலம் முடிகிற தேதியை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களின் மருத்துவ விவரத்தை உள்ளூர் உறவினர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வைப்பதும் உதவும். உடம்பு முடியாதபோதே சொல்லிவிட்டால், பிள்ளை உயிரோடு இருக்கிற முகத்தைப் பார்க்கலாமே!

யோசித்துப் பாருங்கள். 1748-ல் செய்தியும் ஆளும் ஒரே கப்பலில் வந்தார்கள். செய்தி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அழுவதோடு சரி, ஓடி வர வழியில்லை. பிறகு தந்தி வந்தது, டெலிபோன் வந்தது, வீடியோ கால் வந்தது. செய்தி ஒரு நொடியாகிவிட்டது. ஆள் இன்னும் ஒரு நாள். நொடிக்கும் நாளுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைத்தான் இன்றைய குடும்பங்கள் தூரம் என்று உணர்கின்றன. அந்த இடைவெளியில் ஒருவர் விமான ஜன்னல் ஓரம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். முன்சீட்டின் திரையில் சின்ன விமானப் படம் ஈரானைத் தாண்டுகிறதா, ஓமன் கடலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஒரே பார்வையில்

கி.பி. முதல் நூற்றாண்டு: அலெக்சாண்டிரியா முதல் முசிறி வரை 94 நாள் (பிளினி கணக்கு).
18-ம் நூற்றாண்டு: பிரான்ஸ் முதல் புதுச்சேரி வரை, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐந்து, ஆறு மாதம்.
லெ ஜாந்தி: எட்டு வருஷம் (1760–1768).
1914: சூயஸ், கொழும்பு, தனுஷ்கோடி வழியாக 22 நாள்.
இன்று: வீட்டிலிருந்து வீட்டுக்கு சுமார் 24 மணி நேரம்.

இரண்டு தேர்கள்

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் அப்படியே வீராம்பட்டினம் கடற்கரைக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே செங்கழுநீர் அம்மன் கோயில். ஆடி மாதத் தேர்த் திருவிழா புதுச்சேரி முழுக்கப் பிரபலம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து தேர்வடம் பிடிப்பார். அந்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரோடு தொடர்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் பார்க்க வேண்டுமானால் நகரத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெறும் மேட்டைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு அங்கே ஜாடிகளையும் மணிகளையும் பார்க்கும்போது கதை புரியும்.

வீராம்பட்டினத் தேர் நிலைக்கு வந்து சில வாரங்களில், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் இன்னொரு தேர் கிளம்பும். மாணிக்க விநாயகர் கோயில் தேர். ஈழத்தமிழர்கள் முன்நின்று நடத்தும் அந்த விழாவில் புதுச்சேரிக்காரர்களும் வடம் பிடிப்பார்கள். தெருவில் தேங்காய் குவித்து உடைப்பார்கள். அதை யாராவது ஒருவர் போனில் பிடித்து ஊருக்கு அனுப்புவார். தேர் அந்தத் தெருமுனையைத் திரும்புவதற்குள் வீடியோ அரியாங்குப்பத்துக்கு வந்துவிடும்.

"நம்ம ஊர் தேருக்கு அடுத்த வருஷமாவது வாடா" என்று இங்கிருந்து ஒரு பதில் போகும். அவர் வருவதற்குத்தான் அந்த ஒரு நாள் ஆகும்.